வீடியோ தானாக ஓடுகிறதா? அறிகுறியைப் பார்த்து நிறுத்தும் வழிகள்

சத்தம் வராமல் இருந்தால் போதுமா, படமே ஓடக்கூடாதா? செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். பிரவுசர்கள் இந்த இரண்டையும் வேறு வேறு விஷயமாகத்தான் பார்க்கின்றன. சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோவைத் தடுக்கும் வேலையை சஃபாரி 2017-இல் தன் 11-ஆம் பதிப்பில் தொடங்கியது. குரோம் 2018 ஏப்ரலிலும் ஃபயர்ஃபாக்ஸ் 2019 மார்ச்சிலும் அதே வழிக்கு வந்தன (இரண்டுக்குமே அது 66-ஆம் பதிப்பு என்பது தற்செயல்). ஆனால் மியூட் செய்யப்பட்ட வீடியோவுக்கு இந்தத் தடை பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே செய்தித் தளங்களும் விளம்பரக்காரர்களும் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓட விடுகிறார்கள். "தடுத்துவிட்டேன், ஆனாலும் ஓடுகிறதே" என்று கேட்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

திரையில் ஆங்கிலத்தில் தெரியும் மெனுப் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு அவற்றின் இடம் மாறும். கண்ணில் படவில்லை என்றால் செட்டிங்ஸ் பக்கத்தின் தேடல் பெட்டியில் 'ஆட்டோபிளே' அல்லது 'சவுண்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள்.

எங்கிருந்தோ சத்தம் வருகிறது. எந்த டேப் என்று தெரியவில்லை

சத்தம் வரும் டேப்பின் மேல் சின்ன ஸ்பீக்கர் படம் தெரியும். டேப்புகள் நெருக்கி அடித்துக்கொண்டு இருந்தால் அதுவும் தெரியாது. குரோமில் மேல் வலப்பக்கம் இசைக்குறி வடிவில் ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் எது ஓடுகிறது என்று காட்டும், அங்கேயே நிறுத்தவும் செய்யலாம். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ அழுத்தினால் திறந்திருக்கும் எல்லா டேப்புகளும் பட்டியலாக வரும். ஃபயர்ஃபாக்ஸில் ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்தால் அந்த டேப் வாயடைக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் டேப்புக்கு கன்ட்ரோல் + எம் போதும்.

பிரவுசரைத் திறந்தவுடனேயே சத்தம் வருகிறது என்றால், முதலில் பின் செய்து வைத்த டேப்புகளைப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் பழைய டேப்புகளை மீட்டெடுக்கும்போது, நீங்கள் போய்ப் பார்க்கும் வரை அவற்றை லோடு செய்யாது. பின் செய்தவற்றை மட்டும் உடனே லோடு செய்துவிடும்.

பக்கம் திறந்ததுமே சத்தத்தோடு ஓடுகிறது

குரோமில் இது நடந்தால், அந்தத் தளத்தை குரோம் உங்களுக்குப் பிடித்த தளம் என்று கணக்கிட்டிருக்கிறது. கணினியில் குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது. ஒரு தளத்தில் வீடியோவை 7 நொடிக்கு மேல், மியூட் செய்யாமல், அந்த டேப் முன்னால் இருக்கும்போது பார்த்தால் மதிப்பெண் கூடும். வீடியோ 200-க்கு 140 பிக்சலை விடப் பெரியதாக இருக்க வேண்டும் என்பதும் விதி. அடிக்கடி போய்ப் பார்க்கும் தளத்துக்கு மதிப்பெண் ஏறி, ஒரு கட்டத்தில் "இவர் இங்கே வீடியோ பார்க்கத்தான் வருகிறார்" என்று குரோம் முடிவு கட்டிவிடும். அன்றிலிருந்து அந்தத் தளம் கேட்காமலே சத்தத்தோடு ஓட்டலாம்.

புதிதாக நிறுவிய குரோமிலும் சில தளங்கள் சத்தம் போடுவதற்குக் காரணம் உண்டு. உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது, பெரும்பாலானோர் சத்தத்தோடு பார்க்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு குரோம் தொடங்குகிறது.

உங்கள் மதிப்பெண் பட்டியலை நீங்களே பார்க்கலாம். அட்ரஸ் பாரில் குரோம் என்று ஆங்கிலத்தில் அடித்து, கோலன், இரண்டு சாய்கோடு போட்டு, 'மீடியா-எங்கேஜ்மென்ட்' என்று இடையில் சிறுகோட்டோடு எழுதி என்டர் தட்டுங்கள். ஒரு தளத்துக்கு இத்தனை சலுகை கொடுத்தோமா என்று தோன்றும். பிரவுசிங் ஹிஸ்டரியை அழித்தால் இந்தக் கணக்கும் அழியும். ஆனால் அந்தத் தளத்தில் மறுபடி வீடியோ பார்க்கத் தொடங்கினால் மறுபடி ஏறும். நிலையான வழி வேண்டுமென்றால் டேப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'மியூட் சைட்' கொடுங்கள். பெயர் சொல்வதுபோல அந்த ஒரு டேப் மட்டும் அல்ல, அந்தத் தளம் முழுக்க, அடுத்த முறை திறக்கும்போதும் மியூட்டாகவே இருக்கும்.

இன்னும் கறாராக இருக்க வேண்டுமானால், செட்டிங்ஸில் 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ்', 'சவுண்ட்' என்று போய், எல்லாத் தளங்களையும் மியூட் செய்துவிட்டு, வேண்டிய நாலைந்து தளங்களை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்க்கலாம். எனக்கு இதுதான் பிடித்த முறை. கெட்டவர்களைப் பட்டியலிடத் தொடங்கினால் அது முடியாது. நல்லவர்கள் பட்டியல் எப்போதும் சின்னதுதான்.

பழைய குறிப்புகள் பலவற்றில் குரோமின் சோதனை அமைப்புகள் பக்கத்தில், அதாவது 'ஃபிளாக்ஸ்' பக்கத்தில், 'ஆட்டோபிளே பாலிசி' என்ற வரியை மாற்றச் சொல்லியிருப்பார்கள். அந்த வரியை எடுத்துப் பல வருடம் ஆகிறது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

திறக்கும்போது சும்மா இருக்கிறது. எங்கேயாவது கிளிக் செய்ததும் ஓடத் தொடங்குகிறது

மக்களை அதிகம் குழப்புவது இந்த அறிகுறிதான்.

தடை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் குழப்பம் போய்விடும். வீடியோவை ஓட்டு என்று பக்கத்தில் உள்ள ஸ்கிரிப்ட் (பக்கத்தை இயக்கும் சின்ன நிரல், பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது) கேட்கும்போது, பயனர் இந்தப் பக்கத்தில் ஏதாவது செய்தாரா என்று பிரவுசர் பார்க்கிறது. கிளிக், தொடுதல், கீபோர்டில் ஒரு எழுத்தை அழுத்துவது எல்லாம் 'செய்தார்' என்ற கணக்கில் சேரும். ஸ்க்ரோல் செய்வதும் மவுஸை நகர்த்துவதும் சேராது. ஒன்றும் செய்யவில்லை என்றால் பிரவுசர் ஸ்கிரிப்ட்டிடம் அனுமதி இல்லை என்று பதில் சொல்கிறது. ஸ்கிரிப்ட் அதோடு ஓய்ந்துவிடாது. முதல் கிளிக் வரட்டும் என்று காத்திருந்து மறுபடி கேட்கும்.

இப்போது நீங்கள் ஒரு செய்தியைத் திறக்கிறீர்கள். குக்கீகளை ஏற்கிறீர்களா என்று ஒரு பெட்டி குறுக்கே வருகிறது. ஏற்றாலும் மறுத்தாலும் ஒரு கிளிக் செய்தே ஆக வேண்டும். அந்தக் கிளிக்கைத்தான் வீடியோவும் தனக்கான அனுமதியாக எடுத்துக்கொள்கிறது. மெனுவைத் திறந்தாலும், தேடல் பெட்டியில் ஒரு எழுத்து அடித்தாலும் இதே கதைதான். குரோமில் இந்த அனுமதி அதே தளத்தின் அடுத்த பக்கத்துக்கும் தொடரும். முகப்பில் ஒரு தலைப்பைக் கிளிக் செய்து உள்ளே போனால், உள்ளே இருக்கும் வீடியோ ஏற்கெனவே அனுமதி பெற்றதாகிவிடும்.

ஃபயர்ஃபாக்ஸில் இதற்குச் சரியான மருந்து இருக்கிறது, கொஞ்சம் உள்ளே ஒளிந்திருக்கிறது. அட்ரஸ் பாரில் 'அபவுட்', கோலன், 'கன்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடியுங்கள். எச்சரிக்கை வரும், ஏற்றுக்கொள்ளுங்கள். தேடல் பெட்டியில் ஆட்டோபிளே என்று அடித்தால் சில வரிகள் வரும். அவற்றில் 'பிளாக்கிங் பாலிசி' என்று முடியும் வரியின் மதிப்பு 0 என்று இருக்கும். பக்கத்தில் ஒருமுறை கிளிக் செய்துவிட்டால் அதன் பிறகு என்ன வேண்டுமானாலும் ஓடலாம் என்பது அதன் பொருள். 1 என்று மாற்றினால் கிளிக் செய்த சிறிது நேரத்துக்குள் கேட்டால் மட்டுமே அனுமதி. 2 என்று மாற்றினால் கிளிக்கின் நேரடி விளைவாகத் தொடங்கினால்தான் ஓடும். குக்கீ பெட்டியின் கிளிக்கைப் பயன்படுத்திக்கொள்ளும் தளங்கள் பல 2-இல் அடங்கிவிடுகின்றன. ஆனால் 2 போட்டால் சில தளங்களில் பிளே பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கும், சிலவற்றில் ஓடவே ஓடாது. முதலில் 1 போட்டுச் சில நாள் பாருங்கள். போதவில்லை என்றால் 2.

குரோமில் இதற்கு ஈடான பொத்தான் கிடையாது. தொல்லை ஒரே தளத்திலிருந்து வருகிறது, அங்கே படிக்க மட்டும்தான் போகிறீர்கள் என்றால், அந்தத் தளத்துக்கு ஜாவாஸ்கிரிப்டையே நிறுத்திவிடலாம். அட்ரஸுக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைக் கிளிக் செய்து, 'சைட் செட்டிங்ஸ்' போய், 'ஜாவாஸ்கிரிப்ட்' எதிரே 'பிளாக்' கொடுங்கள். கொஞ்சம் முரட்டு வைத்தியம்தான். கருத்துப் பெட்டி, தேடல், சில நேரம் படங்கள்கூட வராது. ஆனால் செய்தியின் எழுத்து பெரும்பாலும் வந்துவிடும், பக்கமும் சட்டென்று திறக்கும்.

சத்தம் இல்லை, ஆனால் படம் ஓடிக்கொண்டே இருக்கிறது

கண்ணின் ஓரத்தில் ஏதோ அசைந்துகொண்டே இருந்தால் படிக்க முடியாது. டேட்டாவும் போகும். இதை முழுதாக நிறுத்த எந்தப் பிரவுசர் உதவும் என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஃபயர்ஃபாக்ஸ்: 2019 செப்டம்பரில் வந்த 69-ஆம் பதிப்பிலிருந்து மியூட் வீடியோவையும் தடுக்கும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி' போய், 'பர்மிஷன்ஸ்' பகுதியில் 'ஆட்டோபிளே' எதிரே உள்ள 'செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். மேலே 'டிஃபால்ட் ஃபார் ஆல் வெப்சைட்ஸ்' என்று இருக்கும். அது 'பிளாக் ஆடியோ' என்ற நிலையில் இருந்தால் படம் ஓடத்தான் செய்யும். 'பிளாக் ஆடியோ அண்ட் வீடியோ' என்று மாற்றுங்கள். கீழே தளவாரியாக விலக்குகளின் பட்டியலும் இருக்கும். எப்போதோ ஒரு தளத்துக்கு அனுமதி கொடுத்து மறந்திருந்தால் அது அங்கே உட்கார்ந்திருக்கும், நீக்கிவிடுங்கள்.

சஃபாரி: மேக்கில் சஃபாரி மெனுவில் 'செட்டிங்ஸ்', 'வெப்சைட்ஸ்', 'ஆட்டோ-பிளே'. கீழே 'வென் விசிட்டிங் அதர் வெப்சைட்ஸ்' எதிரே 'நெவர் ஆட்டோ-பிளே' கொடுங்கள். அங்கே 'ஸ்டாப் மீடியா வித் சவுண்ட்' என்று இருந்தால் மியூட் வீடியோ தப்பித்துக்கொள்ளும். மேலே உள்ள பட்டியலில் ஏற்கெனவே சில தளங்கள் இருந்தால் அவற்றுக்கு இந்தப் பொது விதி பொருந்தாது. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

எட்ஜ்: சைட் பர்மிஷன்ஸ் பகுதியில் 'மீடியா ஆட்டோபிளே' என்று ஒன்று இருக்கிறது. 'அலவ்' என்றிருந்தால் 'லிமிட்' ஆக்குங்கள். நீங்கள் அந்தத் தளத்தோடு முன்பு எப்படிப் பழகினீர்கள் என்பதைப் பொறுத்து லிமிட் முடிவெடுக்கும், ஆகவே முழு நிம்மதி கிடைக்காது. சில பதிப்புகளில் 'பிளாக்' என்றும் ஒரு தேர்வு தெரியும். தெரிந்தால் அதையே எடுங்கள். புது டேப் திறந்ததும் செய்திக் கட்டங்களில் வீடியோ ஓடுகிறது என்றால் அது இணையதளமே அல்ல. அந்தப் பக்கத்தின் பல்சக்கரப் பொத்தானை அழுத்திச் செய்திகளையே அணைத்துவிடலாம்.

குரோம்: மியூட் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்த குரோமின் செட்டிங்ஸில் எதுவும் இல்லை. அலுவலகக் கணினிகளை நிர்வகிப்பவர்களுக்கென்று ஆட்டோபிளே பாலிசி உண்டு. அதுவும் சத்தத்தோடு ஓடுவதைப் பற்றியதுதான். எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரல்) போடலாம், சில நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் வீடியோவை நிறுத்தும் எக்ஸ்டென்ஷனுக்கு நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கத்தையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி தர வேண்டும். வங்கிப் பக்கமும் அதில் சேரும். யார் எழுதியது, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பார்க்காமல் போட வேண்டாம். முடிந்தால் எக்ஸ்டென்ஷனின் அனுமதியை 'ஆன் ஸ்பெசிஃபிக் சைட்ஸ்' என்று சுருக்கி, தொல்லை தரும் தளங்களை மட்டும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இது உங்களுக்குத் தினசரித் தலைவலி என்றால், படிப்பதற்கு மட்டுமாவது ஃபயர்ஃபாக்ஸைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது என்பேன். அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷனும் முழுதாக இயங்குகிறது. குரோம் இப்போது அதன் முழு வடிவத்தை ஏற்பதில்லை. யூபிளாக் செட்டிங்ஸில், குறிப்பிட்ட கிலோபைட்டுக்கு மேல் பெரிதான மீடியாவைத் தடு என்ற தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் பெரிய வீடியோவும் பெரிய படமும் நீங்கள் கிளிக் செய்தால்தான் இறங்கும். டேட்டா மிச்சப்படுத்த இது ஆட்டோபிளே தடையை விட உறுதியானது. ஏனென்றால் ஓடாத வீடியோவின் ஒரு பகுதியைக்கூட முன்கூட்டியே இறக்கி வை என்று தளம் பிரவுசரிடம் கேட்க முடியும்.

கீழே போகப் போக, மூலையில் மிதந்து கூடவே வருகிறது

இது பக்கத்தின் வடிவமைப்பு. ஓடுவதைத் தடுத்தாலும் காலிப் பெட்டி மிதக்கும். மூடும் பொத்தான் சில நொடி கழித்துத்தான் தெரியும்படி வைத்திருப்பார்கள், பொறுங்கள். யூபிளாக் இருந்தால் அதன் எலிமென்ட் பிக்கரால் பெட்டியைச் சுட்டி நிரந்தரமாக மறைக்கலாம். எதுவும் இல்லாவிட்டால் ரீடர் வியூ. விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் எஃப்9 அழுத்தினால் கட்டுரை மட்டும் மிஞ்சும்.

டேப் மாறியதும் வீடியோ தனி ஜன்னலாகத் துள்ளி வெளியே வந்தால் கதை வேறு. குரோமில் சைட் செட்டிங்ஸில் 'ஆட்டோமேட்டிக் பிக்சர்-இன்-பிக்சர்' என்ற அனுமதியைப் பாருங்கள்.

குறிப்பிட்ட ஒரு தளத்தில் மட்டும் ஓடுகிறது

பெரிய தளங்களில் பிரவுசரோடு மல்லுக்கட்டுவதை விட அந்தத் தளத்தின் செட்டிங்ஸில் அணைப்பதுதான் எளிது.

யூடியூபில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது ஓடுவதை பிளேயரின் அடியில் உள்ள சின்ன ஸ்விட்ச் நிறுத்தும். பட்டியலில் மவுஸ் பட்டதும் முன்னோட்டம் ஓடுவதை 'செட்டிங்ஸ்', 'பிளேபேக் அண்ட் பெர்ஃபாமன்ஸ்', 'இன்லைன் பிளேபேக்' நிறுத்தும். வீடியோ பக்கத்தைத் திறந்ததுமே அந்த வீடியோ ஓடுவதை இந்த இரண்டும் நிறுத்தாது. ஃபயர்ஃபாக்ஸில் தடை போட்டிருந்தாலும், யூடியூபுக்குள்ளேயே ஒரு வீடியோவைக் கிளிக் செய்தால் அந்தக் கிளிக்கே அனுமதி ஆகிவிடும். புது டேப்பில் திறந்தால்தான் தடை பிடிக்கும்.

நெட்ஃபிளிக்ஸில் 2020 பிப்ரவரி முதல் முன்னோட்டங்களை அணைக்கலாம். கணக்குப் பக்கத்தில் உங்கள் ப்ரொஃபைலின் 'பிளேபேக் செட்டிங்ஸ்' போய், 'ஆட்டோபிளே ப்ரிவ்யூஸ்' என்ற டிக்கை எடுங்கள். ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனியாகச் செய்ய வேண்டும். ஃபேஸ்புக், எக்ஸ், லிங்க்ட்இன் மூன்றிலும் செட்டிங்ஸில் ஆட்டோபிளே என்று தேடினால் கிடைக்கும். எக்ஸில் அது 'டேட்டா யூசேஜ்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.

எல்லாவற்றையும் தடுத்தும் ஏதோ அசைகிறது

அது வீடியோவே இல்லாமல் இருக்கலாம். ரைட் கிளிக் செய்து பாருங்கள். படத்தைச் சேமி என்று வந்தால் அது ஜிஃப் போன்ற அசையும் படம். ஆட்டோபிளே தடை அதைத் தொடாது. (ஜிஃப் என்று நாம் சொல்லும் பலவும் இப்போது மியூட் செய்த வீடியோதான், அவை தடையில் சிக்கும்.) ஃபயர்ஃபாக்ஸில் முன்பு சொன்ன 'அபவுட்', கோலன், 'கன்ஃபிக்' பக்கத்தில் 'அனிமேஷன் மோட்' என்று முடியும் வரியில் 'நார்மல்' என்பதை ஆங்கிலத்தில் 'நன்' (எதுவும் இல்லை என்ற பொருளில்) என்று மாற்றினால் அசையாது, 'ஒன்ஸ்' என்றால் ஒருமுறை ஓடி நிற்கும். ஆப்பிள் கருவிகளில் ஐஓஎஸ் 17 முதல் 'ஆக்ஸசிபிலிட்டி' பகுதியில் அசையும் படங்களைத் தானாக ஓட்டுவதற்கென்று தனி ஸ்விட்ச் இருக்கிறது.

வடிவமைப்பு அசைவுகளுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில்தான் மருந்து. விண்டோஸ் 11-இல் 'ஆக்ஸசிபிலிட்டி', 'விஷுவல் எஃபெக்ட்ஸ்' போய் 'அனிமேஷன் எஃபெக்ட்ஸ்' அணையுங்கள். மேக்கிலும் போனிலும் 'ரெட்யூஸ் மோஷன்'. இந்த விருப்பத்தைத் தளங்கள் படித்துத் தெரிந்துகொள்ள முடியும். மதிக்கிற தளம் அசைவைக் குறைக்கும்.

மதிக்காத தளத்துக்குப் புகார் எழுதுவதாக இருந்தால் வெறுமனே தொல்லை என்று எழுதாதீர்கள். இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜியில் 1.4.2, 2.2.2 என்ற இரண்டு விதிகளைக் குறிப்பிடுங்கள். 3 நொடிக்கு மேல் தானாக ஒலிக்கும் ஒலியை நிறுத்தவோ குறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்கிறது முதலாவது. தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 நொடிக்கு மேல் அசையும் எதையும் நிறுத்தவோ மறைக்கவோ வழி வேண்டும் என்கிறது இரண்டாவது.

போனில்

ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் ஆட்டோபிளே அமைப்பில், மொபைல் டேட்டாவில் இருக்கும்போது மட்டும் தடு என்ற தேர்வும் உண்டு. ஆண்ட்ராய்டு குரோமில் சைட் செட்டிங்ஸின் 'சவுண்ட்' வழியாகச் சத்தத்தை மட்டும் அடக்கலாம். ஐபோனில் லோ பவர் மோட் போட்டால் சஃபாரியில் மியூட் வீடியோக்களும் தானாக ஓடுவதில்லை; அதற்காகவே அதை எப்போதும் போட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிரவுசரில் எல்லாம் சரியாக வைத்தும் போனில் ஓடுகிறது என்றால், அந்தப் பக்கத்தை எங்கே திறந்தீர்கள் என்று பாருங்கள். சமூக வலைதள ஆப்புகள் லிங்க்கைத் தங்களுக்குள்ளேயே திறக்கின்றன. உங்கள் பிரவுசரின் விதிகள் அங்கே செல்லாது. மூன்று புள்ளி மெனுவில் வெளிப் பிரவுசரில் திறக்கும் வழி இருக்கும்.

இப்போது வேண்டிய வீடியோவும் ஓடமாட்டேன் என்கிறது

பிளே பொத்தானை இன்னொரு முறை அழுத்துங்கள். பல தளங்களில் முதல் அழுத்தல் பிளேயரை லோடு செய்வதோடு நின்றுவிடும். அப்படியும் ஓடவில்லை என்றால் ஃபயர்ஃபாக்ஸில் அட்ரஸ் பாரின் இடப்பக்கம் தெரியும் ஆட்டோபிளே சின்னத்தைக் கிளிக் செய்து அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். சஃபாரியில் அட்ரஸ் பார் மேல் ரைட் கிளிக் செய்து 'செட்டிங்ஸ் ஃபார் திஸ் வெப்சைட்' போய் மாற்றுங்கள். ஃபயர்ஃபாக்ஸின் பிளாக்கிங் பாலிசியை 2 ஆக்கியிருந்தால் அதை 1 ஆக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

வீடியோ அழைப்புத் தளங்களையும் சாட் தளங்களையும் முன்கூட்டியே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். குரோமில் எல்லாத் தளங்களையும் மியூட் செய்திருந்தால் யாராவது அழைக்கும்போது மணிச்சத்தமும் கேட்காது, எடுத்த பிறகு எதிர்முனைக் குரலும் கேட்காது. மைக் போய்விட்டது, ஹெட்ஃபோன் போய்விட்டது என்று தேடும் முன் டேப்பின் மேல் கோடு போட்ட ஸ்பீக்கர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.